மௌனப் படங்களில் விஞ்ஞானிகள் ஏன் பித்தர்களாகவே காட்டப்படுகிறார்கள்?

கேள்வி:
சில வாரங்களாக மௌனப் படக் காலத்துச் சாகசப் படங்களைத் தேடிப் பார்த்து வருகிறேன். கட்டுகளிலிருந்து தப்பும் வித்தைக்காரர் ஹாரி ஹூடினி நடித்த 15 பாகத் தொடர்படத்தில், நாயகன் ஒவ்வொரு முறையும் கட்டப்பட்டுச் சாவின் விளிம்பிலிருந்து தப்புவதும், எதிரிகளின் ஏவலாக ஓர் இரும்பு உருவம் நடந்து வருவதும் இன்றும் மனத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. ஆனால், இவ்வகைப் படங்களில் நாயகனுக்குக் காதலும் அச்சமும் கடமையும் இருக்க, கருவிகளைக் கண்டுபிடிப்பவருக்கோ கலைந்த தலைமுடியும் வெறித்த பார்வையும் மட்டுமே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வசனம் இல்லாததால்தான் அவர்களுடைய மனத்தைக் காட்ட முடியவில்லையா? விதிவிலக்கான படங்கள் உண்டா?

மறுமொழி 1:
வசனம் இல்லாமை காரணம் என்று நான் கருதவில்லை. வெட்டப்பட்ட பிரதிகளைப் பார்த்து நாம் முடிவுக்கு வருகிறோம் என்பதே என் எண்ணம். ஃபிரிட்ஸ் லாங் இயக்கி 1927 ஜனவரியில் பெர்லினில் திரையிடப்பட்ட ‘மெட்ரோபோலிஸ்’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் கண்டுபிடிப்பாளர் ராட்வாங், தான் நேசித்த ஹெல் என்ற பெண்ணை நகரத் தலைவனிடம் இழந்தவர். அவள் அவனை மணந்து, மகனைப் பெற்றெடுக்கையில் இறந்துபோகிறாள். அவளை மீண்டும் உயிர்ப்பிக்கும் வேட்கையில்தான் அவர் இயந்திர உருவத்தைச் செய்கிறார். அதற்காகத் தம் வலக்கையையும் பறிகொடுக்கிறார். அமெரிக்காவுக்காகப் படத்தைச் சுருக்கியவர்கள், அந்தப் பெயர் ஆங்கிலத்தில் நரகத்தைக் குறிக்கும் சொல்லாக ஒலிக்கிறது என்று ஹெல்லின் கதையையே நீக்கினார்கள். துயரத்தை எடுத்துவிட்ட பின் அவரிடம் பித்து மட்டும்தானே மிஞ்சும்! 2008இல் புவெனஸ் ஐரிஸில் ஏறத்தாழ முழுமையான பிரதி ஒன்று கண்டறியப்பட்டு, சுமார் 25 நிமிடக் காட்சிகள் 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்க்கப்பட்டன. ஹெல்லின் நினைவுச் சிலைக்கு முன் இரு ஆண்களும் ஒருவரையொருவர் எதிர்கொள்ளும் காட்சி அதில் இருக்கிறது. அந்தப் பதிப்பைப் பார்த்துவிட்டு, ராட்வாங்காக நடித்த ருடால்ஃப் க்ளைன்-ரோகேயின் முகத்தை மறுபடி கவனியுங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும், தொடக்கத்திலிருந்தே கண்டுபிடிப்பாளர்கள் எல்லாரும் பித்தர்களாக இருந்ததில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1909இல் பிரிட்டனில் வால்டர் பூத் எடுத்த குறும்படம் ஒன்றில், வானூர்திகளிலிருந்து குண்டு வீசும் எதிரிகளைத் தொலைவிலிருந்து இயக்கும் பறக்கும் ஆயுதத்தால் வீழ்த்துபவர் ஓர் இளம் கண்டுபிடிப்பாளர். அங்கே நாயகனும் அவரே. 1921இல் இத்தாலியில் ஆந்த்ரே தீத் எடுத்த ‘இயந்திர மனிதன்’ படத்திலோ, கருவியைச் செய்தவர் குற்றவாளியல்லர். அதன் வரைபடங்களைக் கைப்பற்றும் கும்பல்தான் அதைக் கொள்ளைக்குப் பயன்படுத்துகிறது. எதிர்த்து நிற்க மற்றோர் இயந்திரம் செய்யப்பட, இரண்டும் ஓர் இசை நாடக அரங்கில் மோதுகின்றன. பாதிக்கும் குறைவான பகுதியே எஞ்சியுள்ளது என்றாலும், அந்த மோதலுக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

ரெனே கிளேர் 1923இல் எடுத்த, பாரிஸ் நகரம் உறைந்துபோகும் படம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு விஞ்ஞானியின் கதிர் நகரத்தையே அசைவற்றதாக்குகிறது. ஈபிள் கோபுரத்தின் உச்சியில் உறங்கிய காவலாளியும், விமானத்தில் வந்தவர்களும் மட்டும், கதிர் அந்த உயரத்தை எட்டாததால் தப்புகிறார்கள். அந்த விஞ்ஞானி கொடியவரே அல்லர். தம் கருவியைச் சோதித்தவர், விளைவை மாற்றும் கணக்கை அதற்குப் பிறகே போடத் தொடங்குபவர். இதை ஒரு சொல்லும் பேசாமல், உறைந்த மனிதர்களுக்கிடையே நடப்பவர்களின் திகைப்பாலேயே உணர்த்திவிடுகிறார்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நான் பார்த்தது பழைய, சுருக்கப்பட்ட ‘மெட்ரோபோலிஸ்’ என்பது இப்போதுதான் விளங்குகிறது. ராட்வாங்கை வெறும் வில்லன் என்று எழுதி வைத்திருந்தேன். அந்தக் குறிப்பை அழித்துவிட்டு, 2010 பதிப்பை இன்றிரவு பார்க்கிறேன்.

மறுமொழி 3:
பார்க்கும்போது வேகத்தையும் கவனியுங்கள். மௌனப் படங்கள் பலவும் கையால் சுழற்றப்பட்ட கேமராவில், நொடிக்கு 24 சட்டங்களுக்கும் (படச்சுருளின் தனித்தனிப் படங்களுக்கும்) குறைவாகப் பதிவானவை. அவற்றை 24 சட்ட வேகத்தில் ஓட்டினால் நாயகன் பொம்மைபோல் துள்ளுவார்; விஞ்ஞானியின் சைகைகளும் பித்தரின் சைகைகளாகத் தெரியும். சரியான வேகத்துக்குத் திருத்திய பதிப்பில் அதே கைகள் நிதானமாக இயங்குவதைக் காணலாம்.