மறு: மறு: கவர்ட் பிரெஸ்டீஜ் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை சமூக மொழியியல் பாடம் அச்சுக்குப் போக வேண்டும். மற்ற சொற்கள் எல்லாம் முடிந்துவிட்டன, 'கவர்ட் பிரெஸ்டீஜ்', அதாவது தாழ்வாகக் கருதப்படும் பேச்சுக்கு அதைப் பேசுவோரிடையே வெளியே சொல்லப்படாமல் இருக்கும் மதிப்பு, இது ஒன்றுதான் இழுக்கிறது.

> மறைமதிப்பு என்று போடுங்கள். சுருக்கமான வினைத்தொகை.

வினைத்தொகை என்பதுதான் ஐயா சிக்கலே. மறைந்த, மறைகின்ற, மறையும் மதிப்பு என்று விரியும், படிக்கிற பிள்ளை மங்கிப்போன கௌரவம் என்று எடுத்துக்கொள்ளும். இங்கே மதிப்பு எங்கும் போகவில்லை, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். மொழியியலாளர் பீட்டர் டிரட்ஜில் 1968இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் செய்த ஆய்வைப் பாருங்கள். காதைக் குறிக்கும் 'இயர்' அவ்வூர்ப் பேச்சில் 'ஏர்' என்பதற்கு நெருங்கி வரும். இரண்டையும் ஒலித்துக் காட்டி, உங்கள் வாயில் எது வரும் என்று கேட்டார். பேச்சில் ஊர் ஒலிப்பையே வைத்திருந்த பெண்கள் பலர் 'இயர்' என்றார்கள். ஆண்களில் பலரோ நேர்மாறு, 'இயர்' என்று பேசிக்கொண்டே, தாங்கள் 'ஏர்' என்பதாகச் சொன்னார்கள்! உழைப்பாளிப் பேச்சின் கரடுமுரடு ஆண்மைக்கு அடையாளமாகிவிட்டது.

> வழக்கெனப் படுவது உயர்ந்தோர் மேற்றே என்பது தொல்காப்பியம். அதற்கு மேல் என்ன மதிப்பு?

அது வெளிப்படை மதிப்பு அம்மா, எல்லோரும் வாய்விட்டு ஒப்புக்கொள்வது. 1962இல் நியூயார்க்கில் மொழியியலாளர் வில்லியம் லபோவ் மூன்று கடைகளின் பணியாளர்களை 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று சொல்லவைத்தபோது, அச்சொற்களில் அவ்வூரில் பலர் விழுங்கிவிடும் ரகரம் விலை கூடிய கடையில்தான் அதிகம் கேட்டது. உயர்ந்தோர் வழக்கு அங்கே சரியாகப் பொருந்தும். நாரிச் ஆண்கள் நாடியது உயர்ந்தோரை அல்லவே.

> மதி வடசொல். பெருமை போதும்.

மதித்தல் அளவிடுதலைக் குறிக்கும் வினை, அறிவைக் குறிக்கும் வடமொழி மதியோடு அதை ஏன் முடிச்சுப் போட வேண்டும்? மதிப்பெண் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்கிறது. அப்புறம், பெருமை நானே என்னைப் பற்றிக் கொள்வது. மதிப்பு பிறர் தருவது.

> கரந்துறை மதிப்பு. இராகு கேதுவைக் கரந்துறை கோள் என்றோமே.

இது எனக்கும் ஆசைதான். கரந்துறைப்பாட்டில் ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுள் ஒளிந்திருக்கும், தேடினால் கைக்கு வரும். பொருள் அப்படியே பொருந்துகிறது. ஆனால் முதலாண்டு மாணவர் இந்தச் சொல்லுக்கே உரை தேட வேண்டியிருக்கும், கருத்துக்கு எப்போது வருவது?

என் பரிந்துரை 'சொல்லா மதிப்பு'. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணப்படி இடறவில்லை, கேட்டதும் விளங்கும்.

பெரும்பான்மை 'மறைமுக மதிப்பு' பக்கம் நிற்கிறது என்று தெரிகிறது. மறைமுக வரி, மறைமுகத் தேர்தல் என்று பழகிய காதுக்கு அது சுற்றிவளைத்து வருவதைத்தான் சொல்லும், ஒளிந்திருப்பதை அல்ல. இதை நான் ஒப்பவில்லை. வியாழன் இரவுக்குள் வேறு கருத்து வராவிட்டால் அச்சில் 'மறைமுக மதிப்பு' என்றே போகும், ஆனால் வகுப்பில் நான் 'சொல்லா மதிப்பு' என்றுதான் எழுதிப்போடுவேன்.