குரூப்புல ராத்திரி பேசுனது காலைல டீக்கடையில எப்படி தெரிஞ்சுது? போன் ஒட்டுக் கேக்குறாங்களா?

குடியாத்தம் ஜெராக்ஸ்:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க. நான் குடியாத்தத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், கூடவே ஜனங்களுக்கு மனு எழுதிக் குடுக்கறதும் உண்டு. எங்க கிராமம் பேர்ணாம்பட்டு ரோட்டுப் பக்கம், ரெண்டு வருஷமா போர் தண்ணி வாயில வைக்க முடியல, உப்பு, மேல நுரை வேற. யாரால இப்படி ஆச்சுன்னு பேச இங்க வரல, அது வேற சண்டை. அதுக்காக ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சோம், 63 பேர். போன ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு அதுல முடிவு பண்ணோம், திங்கக்கிழமை மனு நாளுக்கு கலெக்டர் ஆபீஸ் போறது, ஏழரைக்கு வேன், ஆளுக்கு ஒரு பாட்டில்ல அந்தத் தண்ணிய புடிச்சுக்கினு வர்றது.

காலைல ஆறு மணிக்கு டீக்கடைக்குப் போறேன், மப்டில ஒருத்தர் உக்காந்திருக்காரு. எந்தப் பிரிவுன்னு அவரும் சொல்லல நானும் கேக்கல. சிரிச்சுக்கினே “பாட்டில்லாம் எடுத்துக்கினு போறீங்களாமே, லேடீஸ் எத்தினி பேரு”ன்னாரு. எனக்கு டீ தொண்டைல நின்னுடுச்சு. அவர் மிரட்டல, ஒண்ணும் பண்ணல, மனுவும் குடுத்துட்டு வந்துட்டோம். ஆனா அன்னில இருந்து குரூப்புல ஒருத்தரும் வாயத் தொறக்கல, 11 பேர் லெப்ட் ஆயிட்டாங்க. எங்கம்மா போன்ல கத்திரிக்கா விலைய கேட்டாக்கூட “நேர்ல வா சொல்றேன்”னு கட் பண்ணுது.

கேள்வி இதான். வாட்ஸ்அப்ப படிக்க முடியுமா? போன ஒட்டுக் கேக்கணும்னா யாராச்சும் பர்மிஷன் குடுக்கணுமா இல்ல அவங்க இஷ்டமா? நான் தப்பு எதுவும் பண்ணல, அப்புறம் ஏன் எனக்கு இப்படி கை நடுங்குது?

காட்பாடி ஜங்ஷன்:
அண்ணே 63 பேரு இருக்கிற குரூப்புல ரகசியம்னு ஒண்ணு கீதா? நம்ம ஊர்ல 3 பேரு பேசுனாலே நாலாவது ஆளுக்கு தெரிஞ்சுக்கினுதான் கீது. ஒருத்தன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு இருப்பான், வேற இன்னா. ஏற்கனவே நம்ம வேலூர சொல்லுவாங்க, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறுன்னு. சாமி 1981லயே கோயிலுக்கு வந்துடுச்சு, அந்த காலி எடத்துல இப்ப ரகசியம் இல்லாத போன்னு சேத்துக்குங்க 😀

பழைய எக்ஸ்சேஞ்ச்:
தம்பி, நான் டெலிபோன்ஸ்ல முப்பது வருஷத்துக்கு மேல இருந்து ரிட்டயர்ட் ஆனவன், எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். எங்க காலத்துல ஒட்டுக் கேக்கறதுக்கு பெரிய மெஷின் எதுவும் வேணாம், லைன்மேன் கையில ஒரு டெஸ்ட் போன் இருக்கும், தெருமுனை டிபி பாக்ஸத் தொறந்து ரெண்டு கிளிப்ப மாட்டினா உங்க வீட்டுப் பேச்சு அவன் காதுல. வெளியூருக்கு டிரங்க் கால் போட்டா ஆபரேட்டர் அக்கா லைன்லதான் இருப்பாங்க, ஊர்ல பாதி கல்யாணம் நின்னு போன காரணம் அவங்களுக்குத்தான் முதல்ல தெரியும். அதனால அந்தக் காலத்துல எல்லாம் பத்திரமா இருந்துச்சுன்னு யாரும் கனவு காண வேணாம். வித்தியாசம் என்னன்னா அப்ப ஒரு லைன கேக்கணும்னா ஒரு ஆள் உக்காரணும், இப்ப ஆள் வேணாம், எல்லாம் தானா பதிவாகுது.

வாட்ஸ்அப் விஷயம். 2016 ஏப்ரல்ல இருந்து முழுக்க என்கிரிப்ஷன், அதாவது மெசேஜ பூட்டித்தான் அனுப்புது, நடுவுல கம்பெனிகூட மெசேஜ படிக்க முடியாது, டவர்ல கேட்டாலும் குப்பையாத்தான் தெரியும். ஆனா மெசேஜ் போற வழிதான் பூட்டு, ரெண்டு முனையும் தொறந்துதான் இருக்கு. உங்க போன ஒருத்தன் கையில வாங்கிப் பாத்தா முடிஞ்சுது. கூகுள் டிரைவ்ல பேக்கப் எடுத்து வச்சிருந்து அதுக்குத் தனியா என்கிரிப்ஷன் போடலன்னா அது அந்தப் பூட்டுக்குள்ள வராது. தெரியாத சிஸ்டத்துல உங்க வாட்ஸ்அப்ப இணைச்சு, அதான் லிங்க்டு டிவைஸ், போட்டு மறந்திருந்தாலும் அப்படித்தான். உங்க கடைல ஜெராக்ஸ் எடுக்க எத்தன பேர் வாட்ஸ்அப் வெப்ப தொறந்து வச்சுட்டு அப்படியே போயிடறாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

இதவிட முக்கியம் என்ன பேசுனீங்கங்கறது இல்ல, யார்கிட்ட, எத்தன மணிக்கு, எவ்ளோ நேரம், எந்த டவர்ல இருந்துங்கறது. இந்தக் கால் பதிவ சிடிஆர்னு சொல்லுவாங்க. 2021 டிசம்பர்ல போன் கம்பெனிங்களோட லைசன்ஸ் விதிய மாத்தி ரெண்டு வருஷத்துக்கு வச்சிருக்கணும்னு ஆக்கிட்டாங்க, முன்னாடி ஒரு வருஷம்தான். ராத்திரி பதினோரு மணிக்கு டாக்டருக்கு ஒரு கால், உடனே மச்சானுக்கு ஒரு கால், அப்புறம் அடகுக் கடைக்காரருக்கு ஒரு கால்னா என்ன பேசுனாங்கன்னு கேக்கவா வேணும்? 2013ல அமெரிக்க உளவு ரகசியங்கள வெளிய விட்ட ஸ்னோடனோட முதல் பேப்பரே இதப் பத்திதான், வெரைசான்ங்கற போன் கம்பெனி கஸ்டமர்களோட கால் ரெக்கார்ட தினம் தினம் என்எஸ்ஏங்கற அமெரிக்க உளவு அமைப்புக்கு குடுக்கணும்னு ஒரு ரகசிய கோர்ட் உத்தரவு. பேச்ச கேக்கல, நம்பரத்தான் எடுத்தோம்னு சொன்னாங்க. மறு வருஷமே அந்த என்எஸ்ஏவோட முன்னாள் தலைவர் ஹேடன் ஒரு மேடையில மெட்டாடேட்டாவ, அதாவது யார் யாருக்கு எப்ப பேசுனாங்கங்கற இந்த மாதிரி விவரத்த வச்சுத்தான் ஆளைக் கொல்றோம்னு வெளிப்படையாவே சொன்னாரு. நம்ம ஊர்ல நம்பர்தானேன்னு அலட்சியமா சொல்றவங்களுக்காக எழுதறேன்.

வக்கீல் சத்துவாச்சாரி:
சட்டத்துல என்ன இருக்குன்னு சுருக்கமா சொல்றேன் (சுருக்கமா வராது, மன்னிக்கணும்).

இஷ்டத்துக்கு கேக்க முடியாது. 1885 தந்திச் சட்டத்துலயே 5(2)ல பொது அவசரநிலை இல்லன்னா பொதுப் பாதுகாப்பு, ரெண்டுல ஒண்ணு இருந்தாத்தான்னு போட்டிருக்கான், அதுவும் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். 1996ல பியூசிஎல்ங்கற மனித உரிமை அமைப்பு போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட் டெலிபோன் பேச்சும் அந்தரங்கம்தான்னு சொல்லி, உள்துறைச் செயலர் கையெழுத்து வேணும், மறு ஆய்வுக் குழு வேணும்னு விதிச்சுது. இப்ப அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலா 2023 தொலைத்தொடர்புச் சட்டம், 2024 டிசம்பர்ல அதுக்கான ஒட்டுக்கேட்பு விதி. மாநிலத்துல ஹோம் செகரட்டரி உத்தரவு, ஒரு தடவைக்கு 60 நாள், நீட்டிச்சா மொத்தம் 180 நாள். ரொம்ப அவசரம்னா ஐஜி ரேங்க்ல இருக்கறவர் ஆரம்பிக்கலாம், ஆனா 7 வேலை நாளுக்குள்ள மேல ஒப்புதல் வாங்கலன்னா நிறுத்தணும். அனுமதி இல்லாம கேட்டா 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 2 கோடி வரைக்கும் அபராதம்.

இதுல எங்கயாவது ஜட்ஜ் வர்றாரான்னு பாருங்க. வரமாட்டாரு. உத்தரவு போடறதும் அதிகாரி, அது சரியான்னு பாக்கற குழுவும் அதிகாரிங்க. உங்க போன கேட்டாங்கன்னா கேட்டு முடிச்சப்புறம்கூட உங்ககிட்ட சொல்லணும்னு விதி இல்ல. தெரியாத ஒண்ணுக்கு எப்படி கேஸ் போடுவீங்க? 2013ல ஒரு ஆர்டிஐக்கு மத்திய அரசு குடுத்த பதில்ல மாசத்துக்கு 7,500ல இருந்து 9,000 வரைக்கும் ஒட்டுக்கேட்பு உத்தரவு போடறதா வந்துச்சு. ஒரு நாளைக்கு 250ல இருந்து 300 பைல். ஒவ்வொண்ணையும் ஒருத்தர் உக்காந்து படிச்சுட்டுத்தான் கையெழுத்து போட்டாருன்னு நம்பறவங்க நம்பலாம், நான் ஆபீஸ்ல பைல் நகர்றத பாத்தவன்.

நல்ல சேதியும் இருக்கு. 2025 ஜூலை 2, மெட்ராஸ் ஹைகோர்ட், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். 2011ல ஒரு லஞ்ச வழக்கு விசாரணைக்காக போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவ ரத்து பண்ணாரு. குற்றத்தக் கண்டுபுடிக்கத்தான் கேட்டோம்ங்கறதெல்லாம் பொது அவசரநிலையும் இல்ல பொதுப் பாதுகாப்பும் இல்லன்னு சொல்லிட்டாரு, கேட்ட பதிவ மறு ஆய்வுக் குழுகிட்ட வைக்கவும் இல்ல. ஆனா அதே சமயத்துல டெல்லி ஹைகோர்ட் ஊழலும் பொதுப் பாதுகாப்புக்குள்ள வரும்ங்கற மாதிரி வேற பக்கம் போயிடுச்சு. அதனால இது இன்னும் முடியல.

போர் தண்ணிக்கு மனு குடுக்கப் போற 63 பேருக்காக ஹோம் செகரட்டரி கையெழுத்து போட்டிருப்பாருன்னு எனக்குத் தோணல தம்பி.

சுபேதார் ஓய்வு:
நான் கம்மவான்பேட்டைக்காரன், எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு பட்டாளம்தான். எல்லாரும் ஒரு பக்கமாவே பேசறீங்க. நான் பார்டர்ல இருந்தப்ப வீட்டுக்கு எழுதுற லெட்டரையே ஆபீசர் படிச்சுட்டுத்தான் ஒட்டுவாரு, பொண்டாட்டிக்கு எழுதறதையும். கூச்சமா இருந்துச்சு, ஆனா ஏன்னு புரிஞ்சுது. 2008 மும்பைத் தாக்குதல்ல அந்தத் தீவிரவாதப் பசங்களுக்கு கராச்சில இருந்து போன்ல ஒவ்வொண்ணா சொல்லிக் குடுத்தத ஒட்டுக் கேட்டதாலதான் பின்னாடி இருந்தவன் யாருன்னு உலகத்துக்கே தெரிஞ்சுது. மடில கனம் இல்லன்னா வழில பயம் எதுக்கு?

பாகாயம் பொண்ணு:
சுபேதார் ஐயா, உங்க மேல மரியாதை இருக்கு, எங்க தாத்தாவும் பட்டாளம்தான். மும்பைல கேட்டத தப்புன்னு இங்க யாரும் சொல்லல. உங்க லெட்டர ஆபீசர் படிக்கிறாருன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல? எது எழுதணும் எது எழுதக்கூடாதுன்னு தெரிஞ்சு எழுதுனீங்க. இங்க அந்தத் தெரியறதே இல்ல. மடில கனம்னு சொன்னீங்க, எல்லார் மடிலயும் கனம் இருக்கு ஐயா, அது திருட்டு நகை இல்ல அவ்ளோதான். தங்கச்சிக்கு குழந்த தங்கலங்கறது, அண்ணன் கடன், அப்பாவுக்கு சிஎம்சி ஆஸ்பத்திரில எந்த டிபார்ட்மெண்ட்ல டோக்கன் போட்டோம்ங்கறது. கனம் இருக்குதுன்னா அது எங்க மடி, அவ்ளோதான்.

அப்புறம் நிறைய கேட்டா நிறைய தடுக்கலாம்ங்கறதும் எனக்கு சந்தேகம்தான். நம்ம வேலூர் கோட்டைய பாருங்க. 1806 ஜூலை 10 சிப்பாய் புரட்சி. அதுக்கு மூணு வாரம் முன்னாடியே முஸ்தபா பேக்னு ஒரு சிப்பாய் கர்னல் ஃபோர்ப்ஸ்கிட்ட நேரா போய் இப்படி திட்டம் போடறாங்கன்னு சொல்லிட்டான். பைத்தியம்னு சொல்லி அவனையே கட்டிப் போட்டாங்க. தகவலுக்கு அன்னிக்கு பஞ்சமே இல்ல.

அதே மாதிரி பெகாசஸ், போனுக்குள்ள புகுந்து உளவு பாக்குற சாப்ட்வேர். 2021ல பெரிய சத்தம், சுப்ரீம் கோர்ட் குழு போட்டு 29 போன பாத்தாங்க, 5ல ஏதோ மால்வேர், அதாவது கெட்ட சாப்ட்வேர் இருந்துச்சு, பெகாசஸ்தான்னு உறுதியா சொல்ல முடியல, அரசாங்கம் ஒத்துழைக்கலன்னு கோர்ட்லயே சொன்னாங்க. அந்தக் கேள்விக்கே அந்த கதின்னா குடியாத்தம் அண்ணன் யாரப் போய் கேப்பாரு.

அண்ணே உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த மப்டிக்காரர் சொன்னதுல பாட்டில் விஷயம்தானே உங்கள உலுக்குச்சு? குரூப்ப விட்டா பாட்டில் பத்தி வேற யார்கிட்டயாவது வாயால பேசுனீங்களா? நல்லா யோசிங்க.

குடியாத்தம் ஜெராக்ஸ்:
அட, ஆமா. வேன்காரர்கிட்ட பேசுனேன். ராத்திரி பத்தேகாலுக்கு போன் பண்ணேன், தண்ணி பாட்டில் எடுத்துக்கினு வருவாங்க பரவால்லயான்னு. சீட்டு நனையும், உப்புத் தண்ணி கறை போவாதுன்னு கத்துனாரு. ஆளுங்க கணக்கும் கேட்டாரு, லேடீஸ் எத்தினி பேருன்னு காலைல சொல்றேன்னேன்.

காட்பாடி ஜங்ஷன்:
ஆங்! லேடீஸ் எத்தினி பேருன்னு அவர் கேட்ட அதே கேள்வி 😀 வேன்காரரு எங்க டீ குடிப்பாரு?

குடியாத்தம் ஜெராக்ஸ்:
(மறுநாள்) கேட்டுட்டேன். வேன்காரர் அஞ்சரைக்கே அதே டீக்கடைக்கு வந்து மாஸ்டர்கிட்ட “இன்னிக்கு சீட்டு பூரா பாட்டிலு”ன்னு பொலம்பி இருக்காரு. மப்டிக்காரர் பக்கத்து பெஞ்சு. அவர் தினம் அங்கதான் டீ குடிக்கிறாராம், எனக்குத்தான் தெரியல. போன ஒட்டுக் கேக்கவே இல்ல, காதத் தொறந்து வச்சிருந்தாரு அவ்ளோதான்.

சிரிப்பு வந்துச்சு, அப்பாடான்னும் இருந்துச்சு. குரூப்புல விஷயத்த போட்டேன். லெப்ட் ஆன 11 பேர்ல 2 பேர்தான் திரும்பி வந்தாங்க. மத்தவங்க “இருந்தாலும்”னு இழுக்கறாங்க. அம்மாகிட்ட டீக்கடை கதைய முழுசா சொன்னேன், கேட்டுட்டு “சரி, நீ போன்ல சொல்லாத”ன்னுச்சு. நான் போன்ல சொல்லவே இல்ல, எதிர்லதான் உக்காந்திருக்கேன்.

சுபேதார் ஓய்வு:
தம்பி, அந்த அம்மா பேச்சு நிக்கிறது மட்டும் எனக்கும் புடிக்கல. அதுக்கு பதில் என்கிட்ட இல்ல.

வக்கீல் சத்துவாச்சாரி:
மனு குடுத்ததுக்கு ரசீது நம்பர் வாங்குனீங்க இல்ல? அத பத்திரமா வைங்க. குரூப்புல அத போடுங்க, அது ரகசியமே இல்ல, எல்லாருக்கும் தெரியட்டும், மப்டிக்காரருக்கும் சேத்து.

குடியாத்தம் ஜெராக்ஸ்:
வாங்கிட்டேன் சார், 5 காப்பி போட்டு வச்சிருக்கேன், கடை நம்மளுது தானே. எக்ஸ்சேஞ்ச் சார், அந்த பேக்கப் என்கிரிப்ஷன் எங்க இருக்கு? செட்டிங்ஸ்ல தேடித் தேடிப் பாத்தேன் கெடைக்கல.

பழைய எக்ஸ்சேஞ்ச்:
செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப், அதுல என்ட் டு என்ட்னு ஆரம்பிக்கிற ஒரு வரி இருக்கும், ஆன் பண்ணுங்க. பாஸ்வேர்ட் கேக்கும், மறந்துட்டா பேக்கப்ப யாராலயும் தொறக்க முடியாது, உங்களாலயும்தான். பேப்பர்ல எழுதி வீட்ல வைங்க. கடைல வேணாம், ஜெராக்ஸ் மெஷின்லயே மறந்து வச்சுடுவீங்க.