சுளுக்கு என்று சொல்லி அனுப்பிய மணிக்கட்டு: உங்களுக்கு என்ன நடந்தது?

வால்ட் அம்மா
மகளுக்கு 15 வயது, ஜிம்னாஸ்டிக்ஸ். வால்ட்டில் (ஓடி வந்து கை ஊன்றித் தாண்டும் மேடை) கை மடங்கி விழுந்தாள். எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லை, சுளுக்கு என்றார்கள். 4 மாதம் வலியோடு பயிற்சிக்குப் போனாள். அப்புறம் பார்த்த கை அறுவை மருத்துவர் முஷ்டியை இறுக்கி மூடச் சொல்லி இன்னொரு எக்ஸ்-ரே எடுத்தார். ஸ்கேஃபாய்டு, லூனேட் என்ற இரண்டு சின்ன மணிக்கட்டு எலும்புகளுக்கு நடுவே இடைவெளி பளிச்சென்று தெரிந்தது. கையைத் தளர விட்டு எடுத்த பழைய படத்தில் அது இல்லவே இல்லை. "நான் சொன்னேன்லம்மா" என்றாள். அந்தக் குரல் இன்னும் காதில் நிற்கிறது. அந்த எலும்புகளை இணைக்கும் நாரை (லிகமென்ட்) தைத்து, அவை விலகாமல் இருக்க கே-வயர் என்ற மெல்லிய கம்பி போட்டு, 8 வாரம் கட்டு.

பேக்ஹேண்ட்
எனக்கு சுண்டுவிரல் பக்கம், டி.எஃப்.சி.சி. (மணிக்கட்டில் அந்தப் பக்கம் இருக்கும் குருத்தெலும்பு மெத்தை) கிழிந்தது. விழவே இல்லை, டென்னிஸ் ஆடும்போது ஒரு 'டக்'. எம்.ஆர்.ஐ.யில் பிடிபடவில்லை. ஆர்த்ரோஸ்கோபியில் கேமரா விட்டுப் பார்த்தால் ஓரம் எலும்பிலிருந்து பிய்ந்திருந்தது. தைத்து, முழங்கைக்கு மேல் வரை கட்டுப் போட்டார்கள். பிரித்த அன்று உள்ளங்கையை மேலே திருப்பச் சொன்னார் பிசியோ. திருப்புகிறேன், திருப்புகிறேன், கை அப்படியே கிடக்கிறது. யாருடைய கையோ போல இருந்தது.

கோல்கீப்பர்
இதைப் படித்துவிட்டு எல்லோரும் ஆபரேஷனுக்கு ஓட வேண்டாம். எனக்கும் டி.எஃப்.சி.சி. கிழிசல்தான், ஸ்பிளின்ட்டிலேயே (மணிக்கட்டை அசையாமல் பிடிக்கும் பட்டை) வலி போய்விட்டது. எங்கே கிழிந்தது என்று முதலில் கேளுங்கள். ஓரத்தில் ரத்த ஓட்டம் உண்டு, தைத்தால் ஒட்டும். நடுவில் கிடையாது, அங்கே தேவைப்பட்டால் பிசிறைச் சீவிவிடுவார்கள், அவ்வளவுதான். வளரும் பிள்ளையென்றால் வளர்ச்சித் தட்டு (எலும்பு நுனியில் நீளம் கூடும் குருத்துப் பகுதி) மூடிவிட்டதா என்றும் கேளுங்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளுக்குக் கையில் பாரம் விழுந்து விழுந்து ரேடியஸின் (முன்கையில் கட்டைவிரல் பக்க எலும்பு) தட்டு அடிபட்டு, அந்த எலும்பு வளராமல் நின்று, சுண்டுவிரல் பக்க எலும்பான அல்னா நீண்டு துருத்தும். அந்த நிலையில் கிழிசலைத் தைத்தால் மட்டும் போதாது, அல்னாவைக் குட்டையாக்க வேண்டி வரலாம். ஊசி போட்டு வலியை அமுக்கிவிட்டுப் போட்டிக்கு அனுப்புவதை மட்டும் செய்யாதீர்கள்.

வால்ட் அம்மா
கோல்கீப்பர், உங்கள் கிழிசலுக்கு அது சரி. ஸ்கேஃபாய்டையும் லூனேட்டையும் இணைக்கும் நார் முழுசாக அறுந்து எலும்புகள் விலகிவிட்டால் ஸ்பிளின்ட் போட்டு ஒட்டாது. விட்டால் வருடங்கள் போகப்போக மூட்டு தேயும். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் தைக்க நாரே மிஞ்சியிருக்காது, வேறு தசைநாரை எடுத்து இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும் என்றார் மருத்துவர். "ஓட வேண்டாம்" என்று எங்களிடமும் சொன்னார்கள், அதில் போனதுதான் அந்த 4 மாதம்.

பேக்ஹேண்ட்
பொண்ணு திரும்ப ஆடுறாளா?

வால்ட் அம்மா
தரைப் பயிற்சி மட்டும். மணிக்கட்டு பின்னால் முழுசாக மடங்கவில்லை. புஷ்-அப் முஷ்டியில் எடுக்கிறாள்.