பிஎச் 7.08, கார்பன் டை ஆக்சைடு 60: இதை எப்படிப் படிப்பது?

கேள்வி:
பிறந்து 2 மணி நேரமான நிறைமாதக் குழந்தை, மூச்சுத் திணறல். தொப்புள் தமனி ரத்தத்தில் ஏபிஜி (தமனி ரத்த வாயுப் பரிசோதனை): பிஎச் (அமில அளவு; குறைந்தால் அமிலம் அதிகம்) 7.08, கார்பன் டை ஆக்சைடு 60, பைகார்பனேட் (அமிலத்தைச் சமன்செய்யும் காரம்) 17, பேஸ் எக்செஸ் (மூச்சின் பங்கை நீக்கிய காரக் கணக்கு; மைனஸ் என்றால் பற்றாக்குறை) -12. சோடியம் 138, குளோரைடு 101. பைகார்பனேட் குறைவு என்பதால் மெட்டபாலிக் அசிடோசிஸ் (மூச்சு சாராத காரணத்தால் ரத்தத்தில் அமிலம் கூடுவது) என்று எழுதிவிட்டு, கார்பன் டை ஆக்சைடு ஏறியதை அதற்கு உடல் செய்யும் ஈடுகட்டல் என்று கொள்ளலாமா?

பதில் 1:
கூடாது. மெட்டபாலிக் அசிடோசிஸை நுரையீரல் ஈடுகட்டினால் கார்பன் டை ஆக்சைடு இறங்கத்தான் வேண்டும். பைகார்பனேட் 17க்கு 1.5 × 17 + 8, அதாவது 33, 34 அளவில் இருந்திருக்கும். இங்கே 60. சுவாசக் கோளாறும் மெட்டபாலிக் கோளாறும் சேர்ந்தே இருக்கின்றன.

எதன் பங்கு எவ்வளவு என்றும் கணக்குப் போடலாம். கார்பன் டை ஆக்சைடு திடீரென்று 10 ஏறினால் பிஎச் சுமார் 0.08 இறங்கும். 40இலிருந்து 60க்கு 0.16. சுவாசம் மட்டுமே காரணம் என்றால் பிஎச் 7.24இல் நின்றிருக்கும், அதற்குக் கீழே போன இன்னொரு 0.16 மெட்டபாலிக் பங்கு. பேஸ் எக்செஸ் -12 அதற்குப் பொருந்துகிறது. இந்த மாதிரிக் கலப்பில் பைகார்பனேட்டைவிட பேஸ் எக்செஸைப் பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு ஏறும்போது பைகார்பனேட்டும் சற்று ஏறி, பற்றாக்குறையைக் குறைத்துக் காட்டும்.

பதில் 2:
சிரிஞ்சில் திரவ ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) மிஞ்சியிருந்ததா? இருந்தால் பைகார்பனேட்டும் கார்பன் டை ஆக்சைடும் பொய்யாகக் குறையும். காற்றுக் குமிழியும் கார்பன் டை ஆக்சைடைக் குறைக்கும். மாதிரி நேரம் கழித்துப் போனால் செல்கள் குளுக்கோஸைத் தின்று லாக்டேட்டை (லாக்டிக் அமிலத்தின் அளவை) ஏற்றிவிடும், பிஎச் இறங்கும்.

மாதிரி சரியென்றால் அனயான் இடைவெளி (சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்த மீதி; கூடினால் வேறு அமிலம் சேர்ந்திருக்கலாம்) 138 - (101 + 17) = 20. 16க்கு மேல் என்பதால் லாக்டேட் பாருங்கள். பைகார்பனேட் ஊசிக்கு அவசரப்படாதீர்கள்: அது கார்பன் டை ஆக்சைடாக மாறும், மூச்சு சரியில்லாத குழந்தையால் அதை வெளியேற்ற முடியாது. முதலில் சுவாச உதவி, பிறகு ரத்த ஓட்டம்.

கேட்டவர்:
உலர் ஹெப்பாரின் சிரிஞ்சுதான், குமிழி இல்லை, உடனே ஓட்டியது. லாக்டேட் 9. அடுத்ததைக் குதிகாலில் எடுக்கலாமா?

பதில் 1:
தொப்புள் தமனிக் குழாய் இருக்கும்வரை அதிலேயே எடுங்கள். கால் வெதுவெதுப்பாக, ரத்த ஓட்டம் நன்றாக இருந்தால் குதிகால் ரத்தத்தில் பிஎச், கார்பன் டை ஆக்சைடு ஓரளவு ஒத்துப்போகும். ஆக்சிஜன் அளவு ஒத்துப்போகாது. லாக்டேட் 9 உள்ள குழந்தையின் கால் குளிர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். சுவாச உதவியை மாற்றிய அரை மணி நேரத்துக்குள் மறுபடி பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு இறங்கியும் பேஸ் எக்செஸ் அசையாவிட்டால், இதயத்தையும் நோய்த்தொற்றையும் தேட வேண்டும்.