8 ஜிபி லேப்டாப்பில் முதல் எடிட்டிங்: டாவின்சியா, ஷாட்கட்டா?

மாடித்தோட்டம்_கோவை:
வணக்கம். மாடித்தோட்டம் பற்றி வாரம் ஒரு வீடியோ போடலாம் என்று இருக்கிறேன். ஆண்ட்ராய்டு போனில்தான் எடுக்கிறேன். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், பேச்சுதான் அதிகம், நடுநடுவே இலை, பூச்சி, மண் என்று கிட்டத்தில் காட்டுவேன். லேப்டாப் ஐ5, 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. எடிட்டிங் இதுவரை தொட்டதே இல்லை, மென்பொருளுக்கு இப்போதைக்குப் பணம் போடவும் முடியாது. எதில் ஆரம்பிக்கலாம்? தலைப்பு எல்லாம் தமிழில்தான் வரவேண்டும்.

கலர்பேஜ்_காளி:
டாவின்சி ரிசால்வ். வேறு எதையும் தேட வேண்டாம். இலவசப் பதிப்பிலேயே 4கே வரை வாட்டர்மார்க் இல்லாமல் எக்ஸ்போர்ட் செய்யலாம். வெட்டுவது, கலர், ஆடியோ எல்லாம் ஒரே இடத்தில். இதைத் தயாரிக்கும் பிளாக்மேஜிக் நிறுவனம் பாடப் புத்தகங்களையே பிடிஎஃப்பாகத் தன் தளத்தில் இலவசமாகத் தருகிறது, பழகிப் பார்க்க கிளிப்புகளும் சேர்த்து. பிற்பாடு ஸ்டூடியோ பதிப்பு வேண்டும் என்று தோன்றினாலும் 295 டாலர் ஒரே முறை கட்டினால் போதும், மாதச் சந்தா இல்லை. சின்ன மென்பொருளில் ஆரம்பித்து, அது போதாமல் போய், மறுபடி முதலிலிருந்து படிக்கிற வேலை எதற்கு?

டைம்லைன்_தாமரை:
காளி அண்ணா, அவர் 8 ஜிபி என்று எழுதியிருக்கிறார். ரிசால்வுக்கு 16 ஜிபி வேண்டும், ஃபியூஷன் பக்கத்தை (ஸ்பெஷல் எஃபெக்ட் செய்யும் பகுதி) தொடுவதானால் 32 வேண்டும் என்று பிளாக்மேஜிக்கே சொல்கிறது. அடிப்படையிலேயே கிராபிக்ஸ் கார்டை நம்பி ஓடும் மென்பொருள் அது. இவருடைய லேப்டாப்பில் திறக்கும், ஆனால் பிளே அழுத்தினால் படம் திக்கித் திக்கி வரும், எங்கே வெட்டினோம் என்பதே தெரியாது, புதிதாக வருகிறவர் தனக்குத்தான் இது வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மூடி வைத்துவிடுவார். எனக்கு வருத்தமே இதில்தான். ஆலோசனை சொல்கிறவர்கள் கேட்கிறவருடைய மெஷினைப் பார்க்காமல் தங்கள் மெஷினை வைத்துச் சொல்கிறார்கள்.

என் ஓட்டு ஷாட்கட்டுக்கு. ஓப்பன் சோர்ஸ், இலவசம், லாகின் எதுவும் கேட்காது. செட்டிங்ஸில் பிராக்ஸியை இயக்கிவிட்டால் ஒவ்வொரு கிளிப்புக்கும் 540பி அளவில் ஒரு சின்ன நகல் எடுத்து வைத்துக்கொள்ளும், நீங்கள் அந்த நகலில் வெட்டுவீர்கள், எக்ஸ்போர்ட் மட்டும் அசல் கோப்பிலிருந்து நடக்கும். கேடென்லைவ் என்ற இன்னொரு இலவச எடிட்டரிலும் இந்த வசதி உண்டு, ட்ராக் (படத்தையும் சத்தத்தையும் வைக்கும் அடுக்கு) நிறைய வைத்து வேலை செய்ய அது இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் புதிதாக ஆரம்பிப்பவருக்கு ஷாட்கட் போதும்.

கலர்பேஜ்_காளி:
பிராக்ஸி ரிசால்விலும் இருக்கிறதே தங்கச்சி. டைம்லைனை (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டை) 1080பி-யில் வைத்து, பிளேபேக் மெனுவில் ரெசல்யூஷனைப் பாதியாகவோ காலாகவோ குறைத்து, பிராக்ஸியையும் உருவாக்கிக்கொண்டால் சமாளிக்கலாம். அப்புறம் இவர் காட்டப்போவது செடி. நல்ல வெயிலில் போனில் எடுத்த இலை கண்ணைக் குத்துகிற பச்சையாக வரும், போன் தானாகவே நிறத்தை ஏற்றிவிடும். ரிசால்வின் கலர் பக்கத்தில் ஹ்யூ வெர்சஸ் சாச்சுரேஷன் வளைவில் அந்தப் பச்சையை மட்டும் கிளிக் செய்து கொஞ்சம் இறக்கினால் இலை இலையாகத் தெரியும், முகத்தின் நிறம் மாறாது. ஷாட்கட்டில் இதை இவ்வளவு சுலபமாகச் செய்ய முடியுமா?

டைம்லைன்_தாமரை:
அந்த வளைவு அருமையானது, மறுக்கவே மாட்டேன். ஷாட்கட்டில் அவ்வளவு நுணுக்கம் கிடையாது. ஆனால் முதல் பத்து வீடியோவில் இவரைப் பார்ப்பவர்கள் பாதியில் ஓடப்போவது பச்சை தூக்கலாக இருப்பதால் இல்லை. "அது வந்து, ம்ம், என்னன்னா" என்று இழுக்கிற இடத்தை வெட்டாததால், காற்று மைக்கில் அடிப்பதால், பேசுகிற சத்தம் ஒரு காட்சியில் மெதுவாகவும் அடுத்ததில் பெரிதாகவும் வருவதால். முதலில் கை பழக வேண்டியது அங்கேதான். அதற்கு எந்த மென்பொருளும் போதும், மெஷின் திக்காமல் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

போனே_போதும்:
லேப்டாப்பே எதற்கு? போனில் எடுத்ததைப் போனிலேயே முடியுங்கள். கேப்கட் இந்தியாவில் கிடைக்காது, கைன்மாஸ்டர் இலவசத்தில் வாட்டர்மார்க் விழும். விஎன் என்ற ஆப்பைப் போடுங்கள், வாட்டர்மார்க் இல்லாமலே எக்ஸ்போர்ட் ஆகும். உங்கள் லேப்டாப்பை விட இப்போதைய போன் 4கே-யை வேகமாக ஓட்டும். ஹெச்.265-ஐ (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் ஒரு முறை) டீகோட் செய்ய அதற்குள் தனி சர்க்யூட்டே இருக்கிறது.

கல்யாண_ஸ்டூடியோ:
ரீல்ஸுக்கு நீங்கள் சொல்வது சரி. பத்து நிமிடப் பேச்சுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். அரை மணி நேரம் பேசி எடுத்ததைப் பத்து நிமிடமாக்க நூறு வெட்டாவது விழும். கீபோர்டில் ஜே, கே, எல் மூன்று கீயில் விரலை வைத்துக்கொண்டு முன்னே ஓட்டி, நிறுத்தி, பின்னே வந்து, மூச்சு இழுக்கும் இடத்தில் வெட்டிக்கொண்டே போவதற்கும், கண்ணாடித் திரையை இரண்டு விரலால் விரித்து விரித்து அந்த இடத்தைத் தேடுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. இந்த மூன்று கீ பிரீமியர், ரிசால்வ், ஃபைனல் கட், கேடென்லைவ், ஷாட்கட் எல்லாவற்றிலும் ஒன்றுதான். அதனால் காளி சொல்கிற "மறுபடி முதலிலிருந்து" என்பதும் பெரிய பயம் இல்லை. எங்கள் கல்யாண வேலையில் எடியஸ் என்ற எடிட்டரில் பழகிய பையன்கள்தான் அதிகம், பிரீமியருக்கு மாறும்போது மெனு எங்கே இருக்கிறது என்று தேடுவார்களே தவிர எங்கே வெட்டுவது என்று தேடுவதில்லை.

இன்னொன்றும் கேட்காமலே சொல்கிறேன். கடையில் கொடுத்தால் கிராக் போட்ட பிரீமியரை ஏற்றித் தருவார்கள். வேண்டவே வேண்டாம். அது திருட்டு, கூடவே வைரஸையும் வீட்டுக்குக் கூட்டிவரும். இத்தனை நல்ல இலவச மென்பொருள் இருக்கும்போது அதற்கு அவசியமே இல்லை.

மாடித்தோட்டம்_கோவை:
எல்லோருக்கும் நன்றி. தமிழ்த் தலைப்பு பற்றி யாரும் சொல்லவில்லையே? நண்பர் ஒருவருடைய வீடியோவில் எழுத்து உடைந்து உடைந்து வந்ததைப் பார்த்தேன்.

கல்யாண_ஸ்டூடியோ:
முக்கியமான கேள்வி. பிரீமியரில் பிரிஃபரன்சஸ் போய், கிராபிக்ஸ் பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான டெக்ஸ்ட் இன்ஜினைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதனால்தான் பல ஸ்டூடியோக்களில் இன்னும் பாமினி மாதிரி, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் தட்டுகிறார்கள். எந்த மென்பொருளை இறக்கினாலும் முதல் வேலையாக டைட்டிலில் "கொத்தமல்லி" என்று யூனிகோடில் தட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் 'க'வுக்கு இரண்டு பக்கமும் சரியாக உட்கார்ந்தால் மேலே போகலாம்.

டைம்லைன்_தாமரை:
ஷாட்கட்டிலும் கேடென்லைவிலும் அது சரியாகவே வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் போல ஒரு யூனிகோட் எழுத்துருவை ஏற்றிக்கொள்ளுங்கள்.

மாடித்தோட்டம்_கோவை:
ஷாட்கட் இறக்கினேன். கொத்தமல்லி சரியாக வந்தது. ஆனால் போன் கிளிப்பைத் திறந்ததுமே, ஃபிரேம் ரேட் மாறிக்கொண்டே இருக்கிறது, எடிட் செய்ய வசதியாக மாற்றவா என்று கேட்கிறது. என்ன செய்வது?

டைம்லைன்_தாமரை:
மாற்றச் சொல்லுங்கள். நிறைய போன்கள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப விநாடிக்கு இத்தனை ஃபிரேம் என்பதைக் கூட்டிக் குறைத்துத்தான் எடுக்கின்றன. எடிட்டர்கள் நிலையான கணக்கை எதிர்பார்க்கும், அதனால் அப்படியே வைத்து வெட்டினால் கிளிப் போகப்போக உதடும் சத்தமும் பிரியலாம். மாற்றிய கோப்பு பெரிதாக இருக்கும், டிஸ்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற இலவச வீடியோ மாற்றும் மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் தேர்ந்தெடுத்தும் இதைச் செய்யலாம். போன் கேமரா செட்டிங்கில் ஹெச்.265-க்குப் பதில் ஹெச்.264 வைத்து 1080பி-யில் எடுத்தால் லேப்டாப்புக்கும் பாரம் குறையும்.

கலர்பேஜ்_காளி:
சரி, ஷாட்கட்டில் ஆரம்பிக்கிறீர்கள், வாழ்த்துகள். ஆனாலும் என் பேச்சை மாற்றிக்கொள்ள மாட்டேன், செடி காட்டுகிறவருக்குக் கலர் வேண்டும். லேப்டாப்பில் இன்னொரு ரேம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். 16 ஜிபி ஆக்கினால் ரிசால்வை ஒரு தடவை முயன்று பார்க்கலாம். அப்படி மாறும்போது ஒன்றை மறக்க வேண்டாம், ரிசால்வ் ப்ராஜெக்ட்டைத் தன் டேட்டாபேஸுக்குள் வைத்துக்கொள்ளும், கிளிப் ஃபோல்டரை மட்டும் காப்பி எடுத்தால் எடிட் வராது, ப்ராஜெக்ட்டைத் தனியாக எக்ஸ்போர்ட் செய்து வைக்க வேண்டும்.

மாடித்தோட்டம்_கோவை:
ஒரு ஸ்லாட் காலியாகத்தான் இருக்கிறது அண்ணா. முதலில் தாமரை சொன்னபடி காற்றுச் சத்தத்துக்கு ஒரு காலர் மைக் வாங்குகிறேன், ரேம் அதற்கு அப்புறம்.