ரயில் நிலைய வண்டி ஸ்டாண்டில் இ-ஸ்கூட்டர் சார்ஜிங்: ஆறு பாயிண்ட் போட வயரிங் எப்படி?

நிழல்கூரை கேட்டது:
இரணியல் ரயில் நிலையம் பக்கம் டூவீலர் ஸ்டாண்ட். தகரக் கூரை, ஜிஐ பைப் தூண், மூணு பக்கம் திறப்பு. காலையில வண்டிய விட்டுட்டு ரயில்ல திருவனந்தபுரம் போறவங்க ராத்திரிதான் திரும்புறாங்க. இப்போ தினமும் அஞ்சாறு இ-ஸ்கூட்டர், ரெண்டு இ-சைக்கிள் வருது, எல்லாரும் சார்ஜ் கேக்குறாங்க. ஒரு 6 ஆம்ப்ஸ் சாக்கெட்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டி மூணு சார்ஜர் ஓடுது. பாக்ஸோட பிளக்குல ஒரு பின் பழுப்பாகி, பிளாஸ்டிக் இளகியிருக்கு. முறையா ஆறு பாயிண்ட் போடணும். என்ன வயர், என்ன பிரேக்கர்? ஆளில்லாத வண்டி பகல் முழுக்க சார்ஜ்ல கிடக்கலாமா?

டெஸ்டர் சொன்னது:
அண்ணாச்சி, முதல்ல அந்த பாக்ஸைக் கழற்றி ஆக்கர் (பழைய சாமான்) கடைக்குப் போடுங்க. 750 வாட் சார்ஜர் ஒண்ணு சுமார் 3.5 ஆம்ப்ஸ் இழுக்கும். மூணும் சேர்ந்தா 10க்கு மேல, அத்தனையும் அந்த ஒரே 6 ஆம்ப்ஸ் பிளக் வழியாத்தான் போகுது. பின் தளர்ந்து அரை ஓம் தடை வந்தாலே அங்க 50 வாட் சூடு (10×10×0.5). 25 வாட் சால்டரிங் அயர்ன் ரெண்டை பிளக்குக்குள்ள வச்ச மாதிரி. மிக்சி ரெண்டு நிமிஷத்துல நின்னுடும். சார்ஜர் நாலஞ்சு மணி நேரம் விடாம இழுக்கும். அதான் வீட்டுல தாங்குற சாக்கெட் இங்க உருகுது.

ஒரு வண்டிக்கு ஒரு தனி லைன். 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) காப்பர் வயர், ஐஎஸ் 1293 முத்திரை உள்ள 16 ஆம்ப்ஸ் சாக்கெட், ஒவ்வொண்ணுக்கும் 10 ஆம்ப்ஸ் சி கர்வ், 30 மில்லிஆம்ப்ஸ், டைப் ஏ ஆர்.சி.பி.ஓ (கரண்ட் கூடினாலும் கசிஞ்சாலும் தானா வெட்டுற பிரேக்கர்). டைப் ஏசி மலிவா கிடைக்கும், வாங்காதீங்க: சார்ஜருக்குள்ள ரெக்டிஃபையர் இருக்கிறதால கசிவு துடிப்பான டிசியா வரலாம், டைப் ஏசி அதைக் கவனிக்காமலே விட்டுடும். ஆறுக்கும் சேர்த்து ஒரே ஆர்.சி.சி.பி (கசிவுக்கு மட்டும் வெட்டுறது) போடுறதும் தப்பு. ஒவ்வொரு சார்ஜரும் இயல்பாவே கொஞ்சம் கசிய விடும். ஆறும் சேர்ந்து, மழை ஈரமும் கூடினா அடிக்கடி ட்ரிப் ஆகி விழும். ரெண்டு வாரத்துல யாராவது அதை பைபாஸ் பண்ணிடுவாங்க.

ஆறு பாயிண்டுக்கு மொத்தம் 21 ஆம்ப்ஸ். த்ரீ பேஸ் இருந்தா பேஸுக்கு ரெண்டுன்னு பிரிச்சுடுங்க. சிங்கிள் பேஸ்னா டி.பி. (பிரேக்கர் எல்லாம் இருக்கிற பெட்டி) வரைக்கும் 6 ஸ்கொயர் காப்பர் இழுங்க.

எர்த்துல ஏமாறாதீங்க. ஆர்.சி.பி.ஓவுல இருக்கிற டெஸ்ட் பட்டன் எர்த்தைச் சோதிக்காது; எர்த் இல்லாட்டியும் அமுக்கினா விழும். சில இடத்துல சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால கோர்த்திருப்பாங்க. நியூட்ரல் அறுந்தா சார்ஜரோட இரும்பு உறையில 230 வோல்ட் வந்து நிக்கும். ஒவ்வொரு சாக்கெட்டையும் கழற்றிப் பாருங்க. தனி எர்த் குழி எடுத்து எர்த் டெஸ்டர் வச்சு அளங்க, 5 ஓமுக்குக் கீழ வரணும்.

குளச்சல், முட்டம் பக்கமிருந்து உப்புக்காத்து வர்ற ஊரு. பித்தளை டெர்மினல்ல பச்சைக் களிம்பு பிடிச்சா தடை ஏறும். மூணு மாசத்துக்கு ஒருக்க கரண்டை நிறுத்திட்டு ஸ்க்ரூவை முறுக்கிப் பாருங்க. சாக்கெட் தரையிலிருந்து நாலடி உயரம். பிளக் மாட்டின பிறகும் மூடி மூடுற மாதிரி, தூசியும் தண்ணியும் புகாத ஐபி 55 பாக்ஸ், வயர் கீழ் பக்கமா நுழையணும். சார்ஜருக்கு சிமெண்ட் தட்டு ஒண்ணு கட்டுங்க. சீட்டு மேல, டிக்கிக்குள்ள வச்சா சூடு வெளியே போகாது.

செல்பேக் சொன்னது:
வயரிங் டெஸ்டர் சொன்னபடியே. ஆனா சாக்கெட் சரியா இருந்தும் தீ பிடிக்கிறதுக்கு ஒரு காரணம் மாத்திப் போடுற சார்ஜர். ரெண்டு விதத்துலயும் "48 வோல்ட்"னுதான் ஒட்டியிருக்கும். ஆனா முழு சார்ஜுக்கு, 13 செல் தொடரா கோர்த்த லித்தியம் அயான் பேட்டரி பேக்குக்கு 54.6 வோல்ட், 16 செல் எல்.எஃப்.பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேக்குக்கு 58.4. குறைவேக வண்டிகள்ல பின் ஒரே மாதிரி இருக்கும், மாட்டினா பொருந்தும். 58.4ஐ 13 செல் பேக்குல குடுத்தா செல்லுக்கு 4.49 வோல்ட், எல்லை 4.2. பி.எம்.எஸ் (பேக்குக்குள்ள இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட்) வெட்டலன்னா அப்புறம் தடுக்க வேற எதுவும் இல்லை. அதனால ஸ்டாண்டுல பொதுச் சார்ஜர் வைக்காதீங்க, இரவலும் குடுக்காதீங்க. அவங்கவங்க சார்ஜர்ல வண்டி நம்பர் எழுதி ஒட்டட்டும். இ-சைக்கிள் 36 வோல்ட் பேக்குக்கு 42 வோல்ட், 2 ஆம்ப்ஸ்தான், 84 வாட். கரண்ட் கம்மியே தவிர பேட்டரி ஆபத்து அதேதான்.

உப்பின பேக், விழுந்து நசுங்கினது, வெள்ளத்துல மூழ்கினது, உள்ளூர்ல செல் மாத்திக் கட்டினது: சார்ஜ் கிடையாதுன்னு போர்டு வைங்க. முகம் பார்க்க வேண்டாம்.

வந்த சூட்டுல மாட்டாம அரை மணி ஆறட்டும். 3 யூனிட் பேட்டரி 20 சதவீதத்திலிருந்து ஏற நாலு மணி நேரம் போதும், அதனால டைமர் போட்டு மதியத்துக்குள்ள கட் ஆகிற மாதிரி வைங்க. ஆள் ஸ்டாண்டுல இருக்கிற நேரத்துக்குள்ள முடியணும். சார்ஜ் வரிசை திறந்த ஓரத்துல, வண்டிக்கு வண்டி மூணடி விட்டு. பெட்ரோல் வண்டிக்கும் அதுக்கும் நடுவுல நாலடி ஹாலோ பிளாக் சுவர். வெளியேறுற வழியில ஒருநாளும் வேண்டாம்.

சீறல் சத்தம், வெள்ளைப் புகை, இனிப்பான கரைப்பான் வாடை வந்தா கிட்டப் போகாதீங்க, அந்தப் புகை நச்சு. மெயினை ஆஃப் பண்ணி ஆளை விலக்கி 101க்கு அடிங்க. ஏபிசி பவுடர் மேல் தீயை அணைக்கும், செல்லைக் குளிர வைக்காது. அதுக்கு தண்ணிதான், நிறைய. அணைஞ்ச பேக் மணிக்கணக்கு கழிச்சும் மறுபடி பிடிக்கும், கூரைக்குள்ள கொண்டு வராதீங்க.

மீட்டர்கட்டை சொன்னது:
சார்ஜிங் நிலையம் நடத்த லைசென்ஸ் வேண்டாம்னு மத்திய மின் அமைச்சகம் 2018லயே தெளிவாக்கியாச்சு. ஆனா வீட்டு சர்வீஸ்லருந்து இழுத்துக் காசு வாங்கக்கூடாது, மின்வாரியத்துல தனி சர்வீஸ் கேளுங்க. பாயிண்டுக்கு ஒரு சின்ன மீட்டர் மாட்டி யூனிட் கணக்குல வாங்குங்க. 3 யூனிட் பேட்டரி முழுசா ஏற சுவர்ல 3.5 யூனிட் பக்கம் ஓடும். ஐப்பசி இடிக்கு டி.பி.யில டைப் 2 எஸ்.பி.டி (திடீர் வோல்டேஜ் ஏற்றத்தை எர்த்துக்குத் திருப்புறது) போடுங்க. இடி நெருங்கினா பிளக்கை உருவிடணும்.

நிழல்கூரை:
நன்றி அண்ணாச்சிமாரே. தூண் எல்லாம் ஜிஐ பைப். அதுக்கும் எர்த் வேணுமா?

டெஸ்டர்:
கண்டிப்பா. வயர் உரசித் தோல் போனா கூரை முழுக்க கரண்ட் ஏறும். 6 ஸ்கொயர் பச்சை வயர், ஈயம் பூசின லக் (வயர் முனையில மாட்டுற வளையம்), போல்ட். லக் உட்கார்ற இடத்துல பெயிண்டைச் சுரண்டி இரும்பு தெரியணும். முறுக்கின பிறகு மேல பெயிண்ட் அடிச்சுடுங்க. தகர விளிம்பைத் தாண்டுற இடத்துல வயரை பிவிசி பைப்புக்குள்ளதான் விடணும்.