பழைய உலோக ட்ரம்களை வைத்து ஒரு கிட்: பித்தளை ஷெல்லில் புது ஹெட் இறங்கவில்லை, உதவி தேவை

தாளக்காரன்:

வணக்கம் நண்பர்களே. பழைய சாமான்களோடு சாமானாகக் கிடந்த சில உலோக ட்ரம்கள் கைக்கு வந்திருக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் முழுசாக இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து, மரமே இல்லாத ஒரு கிட் கட்ட ஆசை.

இருப்பவை இவை. பித்தளையில் ஒரு அணிவகுப்பு ட்ரம், வாய் 14 அங்குலம், ஆழம் 12 அங்குலம். 5 அங்குல ஆழத்தில் ஓர் அலுமினிய ஸ்னேர் (அடியில் வயர் அதிரும் ட்ரம்). முலாம் கொப்பளித்து, உள்ளே வெள்ளைப் பொடி தெரிகிறது. 12 அங்குல டாம் (வயர் இல்லாத ட்ரம்) ஒன்று, ஒரு பக்கம் நசுங்கியது. காலால் அடிக்கும் பேஸ் ட்ரம்முக்கு எதுவும் சிக்கவில்லை, அதனால் 200 லிட்டர் எண்ணெய்ப் பேரல் ஒன்றை வெட்டலாம் என்று இருக்கிறேன்.

இப்போது நிற்பது பித்தளையில்தான். ஷெல்லில், அதாவது ட்ரம்மின் உடலில், 14 அங்குல பிளாஸ்டிக் ஹெட் (அடிக்கும் பரப்பு) புதிதாக வாங்கி வைத்தால் பாதி இறங்கி மாட்டிக்கொள்கிறது. ஒரு பக்கம் அழுத்தினால் எதிர்ப்பக்கம் எழும்புகிறது. ஹெட்டை இழுத்துப் பிடிக்கும் ராடுகளை முடுக்கிப் பார்த்தேன், ஹெட்டின் ஓரமெல்லாம் சுருக்கம். பழைய தோல் அதே ஷெல்லில்தான் இருந்தது, ஆனால் கிழிந்துவிட்டது. ஷெல்லின் வாயை அரத்தால் சுற்றிலும் கொஞ்சம் ராவிவிட்டால் இறங்குமா? அப்புறம், டாமை ஸ்டாண்டில் மாட்ட எங்கே துளை போடுவது நல்லது?

பித்தளைப்பித்தன்:

அரத்தைத் தொடாதீர்கள், ட்ரில்லையும்தான். முதலில் அளவு சொல்லுங்கள். வாயின் குறுக்கே ஸ்கேல் வைத்து எடுத்த அளவு வேண்டாம், வட்டம் கோணியிருந்தால் அது பொய் சொல்லும். ஒரு காகிதப் பட்டையை ஷெல்லின் வெளிப்பக்கம், வாய்க்குச் சற்றுக் கீழே, இறுக்கமாகச் சுற்றி நுனி சேரும் இடத்தில் கோடு போடுங்கள். பட்டையைப் பிரித்து மில்லிமீட்டரில் அளந்து 3.1416ஆல் வகுத்தால் உண்மையான சராசரி வெளிவிட்டம் கிடைக்கும். டாமுக்கும் இதையே செய்யுங்கள். அதற்கு மட்டும் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு விட்டங்களையும் அளந்து போடுங்கள்.

மூன்றிலும் காந்தம் வைத்துப் பார்த்தீர்களா? முலாமை நம்பி இரும்பு, பித்தளை என்று முடிவு செய்ய முடியாது.

தாளக்காரன்:

பித்தளை: சுற்றளவு 1121 மி.மீ., வகுத்தால் 356.8. டாம்: சுற்றளவு 948, அதாவது 301.8 மி.மீ. குறுக்கு விட்டங்கள் 304, 299. டாமில் காந்தம் பச்சென்று ஒட்டுகிறது, மற்ற இரண்டிலும் ஒட்டவே இல்லை.

பித்தளைப்பித்தன்:

அப்படியானால் இரண்டும் இரண்டு வேறு நோய்.

14 அங்குலம் என்றால் 355.6 மி.மீ. இன்றைய 14 அங்குல ஷெல்லின் வெளிவிட்டம் அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைவாகவே இருக்கும். ஹெட் தாராளமாக உட்கார வேண்டும் என்பதற்காக. உங்களுடையது 14ஐயும் தாண்டி நிற்கிறது. பிளாஸ்டிக் ஹெட் கடைக்கு வந்ததே 1950களின் பிற்பகுதியில்தான். அதற்கு முன் எல்லாம் கன்றுத் தோல். நனைத்த தோலை ஒரு வளையத்தில் மடித்துச் செருகிக் காயவைப்பார்கள். அந்த வளையம் ஷெல்லுக்கு ஏற்றபடி அமைந்ததால் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் கவலையில்லை. உங்கள் ட்ரம் அந்தக் காலத்து ஆள் என்றுதான் தோன்றுகிறது.

ராவுவதால் ஏன் பயனில்லை என்றால், ஹெட் இறங்க நீங்கள் விட்டத்தில் மூன்று மில்லிமீட்டராவது குறைக்க வேண்டும். அதாவது சுற்றிலும் ஒன்றரை மில்லிமீட்டர். இந்த மாதிரி ஷெல்லின் தகடே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். ராவி முடிக்கும்போது ஷெல் இருக்காது!

வழி இரண்டு. பழைய ட்ரம்களுக்கென்றே கொஞ்சம் அகலமாகச் செய்த ஹெட் இருக்கிறது, ஹெட் செய்யும் ரெமோ நிறுவனத்தில் ‘கிளாசிக் ஃபிட்’ என்று பெயர். வாங்கும் முன் அதன் வளையத்தின் உள்விட்டத்தையும், உங்கள் ஹூப் (ஹெட்டை மேலிருந்து அழுத்தும் வளையம்) அந்த வளையத்துக்கு மேல் தடங்கலின்றி இறங்குமா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் கிழிந்த தோல் இருந்த அந்தப் பழைய வளையத்தைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால், புதுத் தோல் வாங்கி அதிலேயே மடிக்கலாம். சத்தம் இரண்டாவதில்தான் இனிமை. ஆனால் காற்றில் ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், அதோடு மல்லுக்கட்ட மனம் வேண்டும்.

டாமுக்கு இந்தக் கதையே இல்லை. சராசரி 301.8 என்பது 12 அங்குல ஹெட்டுக்குச் சரியான அளவு. கோணல் மட்டும்தான். கனமான பலகையில் அந்த வளைவைப் பொருத்தி அரை வட்டமாக ஓர் அச்சு வெட்டி, உள்ளிருந்து ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டி எடுங்கள். அளந்துகொண்டே தட்டுங்கள். கடைசி ஒரு மில்லிமீட்டர் கோணலை ஹூப்பும் ஹெட்டும் தாங்கிக்கொள்ளும்.

டம்டம்அக்கா:

தம்பி, துளை பற்றிக் கேட்டீர்களே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. துளையே போடாதீர்கள். டென்ஷன் ராடுகளிலேயே தொங்கும் மவுண்ட் வாங்கினால் போதும். ஷெல்லில் எதுவும் ஒட்டாததால் ஒலியும் கூடுதல் நேரம் நிற்கும். பழைய பித்தளையில் செதுக்கு வேலைப்பாடோ, கறுப்பு நிக்கல் முலாமோ, பேட்ஜோ இருந்தால் இன்னும் கவனம். 1920களில் லட்விக் நிறுவனம் செய்த ‘பிளாக் பியூட்டி’ போன்ற ட்ரம்களைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். துளை போட்டால் அந்த மதிப்பு போச்சு.

இன்னொரு யோசனை. அந்த 12 அங்குல ஆழப் பித்தளையை ஸ்னேராக நினைக்காதீர்கள், ஸ்னேர் வயரைக் கழற்றிவிட்டு ஃப்ளோர் டாமாக (தரையில் நிற்கும் பெரிய டாம்) வையுங்கள். 14க்கு 12 என்பது ஃப்ளோர் டாமுக்கு அழகான அளவு. கால் பொருத்தத் துளை தேவையில்லை, தாழ இறங்கும் ஸ்னேர் ஸ்டாண்டில் உட்கார வைக்கலாம். ஸ்னேர் வேலையை அலுமினியம் பார்க்கட்டும். அதன் சத்தம் பித்தளையைவிட வறண்டு, குறுகி வரும், மற்றவற்றோடு குழம்பாது.

வயர் வைத்த இந்த இரண்டு ட்ரம்களிலும் கீழ்ப்பக்க விளிம்பில் எதிரெதிரே இரண்டு இடம் கொஞ்சம் பள்ளமாக இருக்கும். அது நசுங்கல் இல்லை, வயர் படிவதற்காகவே அமுக்கியது. ஷெல்லைக் கண்ணாடித் தகட்டில் கவிழ்த்து, உள்ளே சிறு விளக்கை வைத்து, அறையை இருட்டாக்கிப் பாருங்கள். அந்த இரண்டு இடத்தில் மட்டும் கீற்றாக வெளிச்சம் வந்தால் விளிம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வேறு எங்காவது வெளிச்சம் வந்தால் அங்கே வேலை இருக்கிறது. பள்ளத்தைத் தட்டிச் சமமாக்கிவிடாதீர்கள், சிலர் அதையும் செய்கிறார்கள்.

பழையஇரும்பு:

பேரல் விஷயத்தை யாரும் தொடவில்லை, அதுதான் இதில் ஆபத்தானது. என்ன இருந்தது என்று தெரியாத பேரலில் கிரைண்டரோ கேஸ் கட்டரோ வைக்கவே கூடாது. காலியாகத் தெரிந்தாலும் மடிப்பிலும் மூடி ஓரத்திலும் எண்ணெய் தங்கியிருக்கும். ஆவி ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். மூடிய பேரல் வெடித்தால் மேல்தகடு ஆளைக் கொன்றுவிடும். மூடி கழலும் வகையாக, உணவுப்பொருள் வந்த பேரலாகத் தேடுங்கள். உள்ளே முழுக்க அலசிக் கழுவி, மூடியைத் திறந்து வைத்த பிறகே வேலை.

அளவுச் சிக்கலும் உண்டு. 200 லிட்டர் பேரலின் உள்விட்டம் ஏறத்தாழ 572 மி.மீ., அதாவது 22½ அங்குலம். 22 அங்குல ஹெட் இறங்காது, 24 தொளதொளவென்று ஆடும். அதாவது இன்று உங்கள் பித்தளையில் இருக்கும் அதே தலைவலி, பெரிய அளவில்.

தாளக்காரன்:

பயமுறுத்திவிட்டீர்கள் அண்ணே. மூடி கழலும் பேரல் ஒன்று கிடைக்கும்போலிருக்கிறது. ஆனால் அளவுக்கு என்ன செய்வது?

பழையஇரும்பு:

நெடுக்கில் ஒரு பட்டையை வெட்டி எடுத்துவிட்டுச் சுருக்குங்கள். வெளிவிட்டம் ஏறத்தாழ 574. 22 அங்குல ஹெட் சுகமாக உட்கார 555க்கு வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 19 குறைய வேண்டும், அதை 3.1416ஆல் பெருக்கினால் 60 மி.மீ. அந்த அகலத்துக்கு வெட்டி எடுத்து, இரண்டு விளிம்பையும் சேர்த்து, உள்ளே ஒரு தகட்டைப் பட்டையாக வைத்து ரிவெட் அடியுங்கள் அல்லது வெல்டிங் கொடுங்கள். அப்புறம் சுற்றளவை மறுபடி அளக்காமல் ஹெட்டுக்கு ஆர்டர் போடாதீர்கள்.

பேரலின் விலா எலும்பு மாதிரி வெளியே தள்ளிய இரண்டு வளையங்கள் இருக்குமே, அவை ஹெட் இறங்கும் இடத்தில் வரக்கூடாது. இரண்டு வெட்டுக்கும் நடுவில் ஒன்று அகப்பட்டால் நல்லதுதான், மெல்லிய தகட்டுக்குப் பலம். 16 அங்குல ஆழத்துக்கு அப்படி ஒரு வளையம் உள்ளே வரும்படி வெட்டலாம்.

வெட்டிய விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், ஹெட்டை ஒரே இரவில் அறுத்துவிடும். 5 அல்லது 6 மி.மீ. கம்பியை வளையமாக்கி உள்விளிம்பில் ஒட்டவைத்து, மேல்பக்கத்தை உருட்டையாக மழுக்குங்கள். எல்லா முனையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். துத்தநாக முலாம் பூசிய இரும்பு என்றால் வெல்டிங் புகையில் துத்தநாகம் வரும், காய்ச்சல் கொடுக்கும். வெட்டவெளியில், முகமூடியோடு செய்யுங்கள். பித்தளையை வெல்டிங் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், அதுவும் துத்தநாகம் கலந்ததுதான்.

பித்தளைப்பித்தன்:

முழு உலோகக் கிட் புதிதல்ல. லெட் செப்பலின் குழுவின் ட்ரம்மர் ஜான் போனம் 1970களின் பிற்பகுதியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிட் வாசித்தவர். எனக்கு அந்த சத்தம் பிடிக்கும், ஆனால் சின்ன அறைக்கு அது கொடுமை. எனவே பேஸில் முன் ஹெட்டில் ஒரு துளை, உள்ளே தலையணை ஒன்று என்று ஆரம்பியுங்கள். டாம்களில் ஹெட்டின் ஓரத்தில் சிறு துண்டு டேப் போதும். மொத்தமாக அடைத்துவிட்டால் உலோகம் வாங்கியதே வீண்.

அலுமினிய ஸ்னேரின் வெள்ளைப் பொடி அலுமினிய ஆக்ஸைடு. கொப்பளத்தில் முலாம் பிரிந்துவிட்டது, பாலிஷ் போட்டால் திரும்பாது. விளிம்பில் ஹெட் படும் இடத்தில் சிலாம்பு தூக்கியிருந்தால் மட்டும் நல்ல நுண்ணிய சாண்ட் பேப்பரால் மழுக்குங்கள், மற்றதை அப்படியே விடுங்கள். இரும்பு டாமின் குரோமில் துருப்புள்ளி இருந்தால் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், வந்துவிடும். பித்தளையை மட்டும் புளிப்பில் ஊறப்போடாதீர்கள். அமிலம் துத்தநாகத்தை இழுத்துவிட்டு மேல்பரப்பை ரோஜா நிறமாக்கிவிடும். உள்ளே பழைய பெயின்ட் இருந்தால் உலர்வாகத் தேய்க்க வேண்டாம், காரீயம் இருக்கக்கூடும்.

தாளக்காரன்:

அக்கா சொன்ன விளக்குச் சோதனை செய்துவிட்டேன். பித்தளையின் மேல்பக்கம் முழுக்க இருட்டு, கீழே சரியாக இரண்டு கீற்று. டாமும் தட்டித் தட்டி 302, 301.5 வரை வந்துவிட்டது. அகல ஹெட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொரு சந்தேகம்: அலுமினிய ஸ்னேரில் ராடு இரண்டு காணோம். வேறொன்றின் ராடைப் போட்டால் மாட்டுகிறது, ஆனால் முடுக்கும்போது வழுக்குகிறது.

டம்டம்அக்கா:

அது மரை வேறாக இருக்கும். பெரும்பாலான ட்ரம்களில் 12-24 என்ற அங்குலக் கணக்கு மரை, விட்டம் 5.5 மி.மீ. பக்கம். சிலவற்றில் எம்6, அதாவது 6 மி.மீ. மெட்ரிக் மரை. இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருக்கும். 12-24 ராடு எம்6 நட்டில் தொளதொளவென்று ஏறும், இழுவை வந்ததும் கழன்றுகொள்ளும். உங்களுக்கு நடப்பது அதுதான். அந்த ட்ரம்மில் மிச்சமிருக்கும் நல்ல ராடு ஒன்றைக் காலிப்பரில் அளந்து, அதையே கையில் எடுத்துக்கொண்டு போய் இரண்டு வாங்குங்கள். அளக்காமல் பலமாக முடுக்க வேண்டாம், லக்கின் (ராடு ஏறும், ஷெல்லில் பொருத்திய பிடி) மரை போனால் லக்கையே மாற்ற வேண்டும். மாட்டும்போது அலுமினியத்தில் இரும்பு நேராகப் படாதபடி லக்குக்கு அடியில் ஃபைபர் வாஷர் வையுங்கள், இல்லையென்றால் அந்த வெள்ளைப் பொடி அங்கேயும் கிளம்பும்.

தாளக்காரன்:

ராடு 5.9 காட்டுகிறது, எம்6தான். இரண்டு சொல்லிவிட்டேன்.